எழுபது ஜன்னல் வீடு

விளக்கக் கொறச்சாச்சு. கால நீட்டிப் படு. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும், சரியா? கொட்டலன்னா நீ தூங்கிட்டன்னு நெனச்சு நானும் கதைய நிறுத்திருவேன்.

கடலோரமா ஒரு ஊர்ல ஒரு வீடு. நம்ம வீடு மாதிரி இல்ல, தங்கம். முன்வாசல்ல நுழைஞ்சு பின்வாசல்ல வெளிய வர்றதுக்குள்ள நடுவுல ஒரு எடத்துல உக்காந்து தண்ணி குடிச்சுட்டுத்தான் போகணும், அவ்வளவு பெருசு. அதுக்கு எத்தனை ஜன்னல் தெரியுமா? எழுபது! ஊர்ல எல்லாரும் அத எழுபது ஜன்னல் வீடுன்னுதான் சொல்லுவாங்க.

யாரு கட்டுனா? மீரா நெய்னான்னு ஒரு கப்பல்காரர். பாய்மரக் கப்பல்ல ரங்கூன் வரைக்கும் போய் வர்றவர். அவருக்கு ஒரே மக, செய்தம்மா. அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆனா பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போக மாட்டா. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வரணும். அதனால வீடு எப்பவும் மகளுக்குத்தான். மகனுக்கு இல்ல.

சிரிக்கிறியா? சிரி, சிரி.

அப்போ மீரா நெய்னா மகளக் கூப்பிட்டுக் கேட்டார். "மகளே, உனக்கு வீடு கட்டப் போறேன். அதுல என்ன வேணும்?"

"வாப்பா, நீங்க கப்பல்ல திரும்பி வர்றத நான் பாக்கணும். எந்த அறையில இருந்தாலும் பாக்கணும்."

அவ்வளவுதான் கேட்டா. தங்கம் கேக்கல, ரத்தினம் கேக்கல. அப்புறம் அவர் பர்மாவுல இருந்து தேக்கு மரமா ஏத்திட்டு வந்தார். கப்பல் கரைக்குக் கிட்ட வர முடியாது, தண்ணி ஆழம் பத்தாது. அதனால மரத்தையெல்லாம் கடல்லயே தள்ளி விட்டாங்க. தொபுக்கடீர்! தொபுக்கடீர்! அலை அடிச்சு அடிச்சு அதுவாவே மெதந்து வந்துச்சு. கரையில நின்னவங்க கயிறு கட்டி இழுத்தாங்க. ஒன்பது வருஷம் கட்டுனாங்க. மாடியில, கீழ, படி ஏறுற எடத்துல, எங்க நின்னாலும் கடல் தெரியுற மாதிரி எழுபது ஜன்னல் வெச்சாங்க.

செய்தம்மா தினம் காலையில எழுந்து எல்லா ஜன்னலையும் தொறப்பா. க்ரீச்... டப்! க்ரீச்... டப்! வாப்பா கப்பல் வருதான்னு பாப்பா. பல தடவை வந்துச்சு. ஒரு தடவை வரல. கடல் வெச்சுக்கிச்சு. ஆனாலும் அவ ஜன்னல் தொறக்குறத மட்டும் நிறுத்தல.

ம் சொல்லு. ஆங்.

செய்தம்மாவுக்கு அப்புறம் வீடு அவ மகளுக்கு வந்துச்சு. அப்புறம் அந்த மகளோட மகளுக்கு வந்துச்சு. அவதான் சுலைகா நாச்சியா. நம்ம கதையே அவளப் பத்தித்தான்.

சுலைகாவுக்கும் கல்யாணம் ஆச்சு, மாப்பிள்ளை வந்தார், ரொம்ப நல்ல மனுஷன். வரிசையா மூணு பிள்ளைங்க பொறந்தாங்க. மூணும் ஆம்பளைப் பிள்ளைங்க! மூத்தவன் மகுதூம், நடுவுள்ளவன் சதக்கு, கடைசி அன்சார். அந்த ஊர்ல அம்மாவ உம்மான்னு கூப்பிடுவாங்க, அப்பாவ வாப்பான்னு கூப்பிடுவாங்க. பாசம் வந்துட்டா பெத்த பிள்ளையையும் வாப்பான்னுதான் கூப்பிடுவாங்க. "சாப்பிட வா வாப்பா, எறங்கி வா வாப்பா"ன்னு நாள் பூரா இவளுக்கு அதே வேலை.

அப்புறம் பிள்ளைங்க வளந்து ஒருத்தன் துபாய், ஒருத்தன் கோயம்புத்தூர், ஒருத்தன் சென்னைன்னு போயிட்டாங்க. மாப்பிள்ளையும் காலமாயிட்டார். சுலைகா நாச்சியாவுக்கு எழுபது வயசு ஆகப் போகுது. அவ்வளவு பெரிய வீட்டுல அவ ஒருத்தி. காலையில முட்டியப் புடிச்சுக்கிட்டு ஏறி எறங்கி ஜன்னல் தொறப்பா. கடல்காத்து உள்ள வந்து போனாத்தான் மரம் நிக்கும். மூடியே வெச்சா உப்பு ஈரம் உள்ளயே தங்கி அரிச்சிரும். அது அவளுக்குத் தெரியும். கடைசி ஜன்னலத் தொறக்கிறதுக்குள்ள வெயில் ஏறிரும்.

அப்போ ஒரு நாள் கடைசி மகன் அன்சார் வந்தான். கூட ஒரு ஆள். அந்த ஆள் கையில அளக்குற டேப். தூணத் தட்டிப் பாத்தான், டொக் டொக். கதவத் தட்டிப் பாத்தான், டொக் டொக்.

"உம்மா, இவங்க பெரிய ஹோட்டல் கட்டுறாங்க. நம்ம தூணு, கதவு எல்லாம் கேக்குறாங்க. சும்மா கெடந்து வீணாத்தானே போகுது?"

சுலைகா அந்த ஆளுக்கு டீ குடுத்தா. அப்புறம் கேட்டா, "தம்பி, தூண எடுத்துட்டா மாடி எது மேல நிக்கும்?"

"இரும்புல முட்டு குடுத்துரலாம்மா."

"உங்க முதுகெலும்ப எடுத்துட்டு இரும்புல முட்டு குடுத்தா ஒத்துக்குவீங்களா?"

அந்த ஆள் டீயக் குடிச்சுட்டு டேப்ப மடிச்சுட்டுக் கெளம்பிட்டான்.

அப்புறம் நடுமகன் சதக்கு வந்தான். அவன் ஒரு பெரிய காகிதத்தத் தரையில விரிச்சான். வீட்டை இடிச்சுட்டுக் கல்யாண மண்டபம் கட்டப் போறானாம். கார் நிறுத்த எடம், மாடியில ஏசி ரூம் எல்லாம் இருக்கு. சுலைகா கண்ணாடியப் போட்டுக்கிட்டு காகிதத்த ரொம்ப நேரம் பாத்தா.

"நல்லாத்தான் இருக்கு வாப்பா. இதுல நான் எங்க இருக்கேன்?"

சதக்கு தேடுனான். மேல தேடுனான், கீழ தேடுனான். உம்மாவுக்குன்னு ஒரு அறை அவன் போடவே இல்ல. காகிதத்தச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டான்.

ரெண்டு பேரையும் அனுப்பிட்டா, பாத்தியா? ஆனா மூணாவதா வந்தான் மூத்தவன் மகுதூம். அவன் தூணும் கேக்கல, இடிக்கவும் கேக்கல. வந்தவன் உம்மாவோட கால எடுத்து மடியில வெச்சுக்கிட்டு முட்டிக்குத் தைலம் தேய்ச்சான்.

"இந்தக் காலோட எத்தன நாள் இந்த மாடிப்படி ஏறுவீங்க உம்மா? வீட்டப் பூட்டிருவோம். எங்கூட வந்து இருங்க. நீங்க இங்க தனியா இருக்கீங்கன்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்கல."

மத்த ரெண்டு பேருக்கும் பதில் சொல்ல அவளுக்கு வாய் இருந்துச்சு. பாசத்துக்கு முன்னால வாய் வரல. சரின்னுட்டா. எழுபது ஜன்னலையும் மூடி, பெரிய பூட்டாப் போட்டு, சென்னைக்குப் போயிட்டா.

முழிச்சிருக்கியா? ம்.

சென்னையில மகுதூம் வீடு ஏழாவது மாடி. மருமக நல்லாத்தான் பாத்துக்கிட்டா. பேரப்பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிருவாங்க. அங்க மொத்தம் அஞ்சு ஜன்னல். அஞ்சையும் ஒரே நிமிஷத்துல தொறந்துட்டு சுலைகா நாச்சியா கட்டில்ல உக்காந்திருப்பா. அப்புறம் ஐப்பசி வந்துச்சு. மழைன்னா மழை, சளசளன்னு ஒரு மாசம் விடல. மழை பெய்யப் பெய்ய அவளுக்கு அந்தப் பூட்டுன வீட்டு நெனப்புதான்.

மழை விட்டதும், "ஒரு தடவை பாத்துட்டு வந்துர்றேன் வாப்பா"ன்னு சொல்லி பஸ் ஏறிட்டா.

வந்து பூட்டத் தொறந்தா, கதவு நகரல. மரம் ஊதிப் போச்சு. தோளக் குடுத்துத் தள்ளுனா. க்ர்ர்ர்ர்ருன்னு தொறந்துச்சு. உள்ள ஒரே ஈர வாடை. அவ பொறந்த அறையோட கதவு நிலையில கரையான் புத்து ஏறியிருக்கு. மாடியில ஒரு மூலை கூரை பொத்துன்னு விழுந்து, வானம் தெரியுது. நாலு மாசந்தான் பூட்டியிருந்தது, தங்கம். நூறு வருஷம் நின்ன வீடு நாலு மாசத்துல கெழடு தட்டிப் போச்சு.

சுலைகா நாச்சியா தரையில உக்காந்து அழுதா. யாரும் இல்லல்ல, அதனால சத்தமாவே அழுதா. அப்புறம் முந்தானையில மூஞ்சியத் தொடச்சுட்டு எழுந்து ஜன்னலத் தொறக்கப் போனா. ஒண்ணு தொறந்துச்சு. ரெண்டு தொறந்துச்சு. ஏழோட கை விட்டுப் போச்சு.

மறுநாள் காலையில பின்பக்கத்துச் சந்து வழியா பொம்பளப் பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தாங்க. கூட அவங்க டீச்சர் மெஹருன்னிசா. ஜன்னல் கம்பியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டிருந்த சுலைகாவப் பாத்துட்டாங்க.

"பெரிம்மா, நாங்க வரலாமா?"

"வாங்கம்மா!"

தடதடதடன்னு முப்பது பிள்ளைங்க! ஒவ்வொரு ஜன்னலுக்கும் நாலு பேரு. "ஒண்ணு... ரெண்டு... மூணு!" டப்! "ஒண்ணு... ரெண்டு... மூணு!" டப்! மொத்த ஜன்னலும் தொறந்து காத்து குபுகுபுன்னு உள்ள வந்துச்சு. வேலை முடிஞ்சா போகணுமில்ல? போகல. "இது என்ன பெரிம்மா?" "இந்தச் சட்டி ஏன் இவ்வளவு பெருசு?" "கல்யாணப் பொண்ணு எங்க உக்காருவா?" சுலைகா சொல்லச் சொல்ல ஸ்கூல் மணி அடிச்சே போச்சு. டீச்சரும் கன்னத்துல கைய வெச்சுக்கிட்டுக் கேட்டுட்டே உக்காந்துட்டாங்க. மறுநாளும் வந்தாங்க. அடுத்த நாளும் வந்தாங்க.

நாலாவது நாள் சுலைகா நாச்சியா மூணு மகனையும் வரச் சொன்னா. எல்லாரும் வந்து சேந்ததும் சொன்னா.

"இந்த வீடு மகளுக்குத்தான் போகணும். எனக்கு மக இல்ல. அதனால இத ஊர்ல இருக்கிற எல்லாப் பொம்பளப் பிள்ளைங்களுக்கும் எழுதி வெக்கப் போறேன். ஜனங்க வந்து பாக்குற வீடா இருக்கட்டும். கப்பல் ஓட்டுனவங்க எப்படி இருந்தாங்க, பொம்பளைங்க என்ன சமைச்சாங்க, எங்க படுத்தாங்க, எல்லாத்தையும் அப்படியே வெச்சுக் காட்டுவோம்."

அன்சார் கத்துனான். சதக்கு எழுந்து வெளிய போயிட்டான். மகுதூம் கத்தல. மெதுவாக் கேட்டான்.

"அப்போ நாங்க யாரு உம்மா?"

அதுக்கு அவ பதில் சொல்றதுக்குள்ள அவனும் செருப்பப் போட்டுட்டான். போனவன் போனவன்தான். ஒரு போன் இல்ல. நோன்புப் பெருநாளைக்கும் போன் இல்ல.

அப்புறம் ஊர்ப் பெரியவங்க வந்தாங்க. "வெளியாளுங்க பொம்பளைங்க பொழங்குற பின்கட்டு வரைக்கும் வர்றதா?"ன்னு கேட்டாங்க.

"பின்கட்டுல இப்போ எந்தப் பொம்பளை இருக்கா? நான் ஒருத்திதான். என்னைப் பாத்துட்டுப் போகட்டும். எனக்கு ஒண்ணும் தேய்ஞ்சு போகாது"ன்னா.

பெரியவங்களுக்கே சிரிப்பு வந்துருச்சு. சரின்னுட்டாங்க.

ஒன்றரை வருஷம் வேலை நடந்துச்சு. கூரைய மாத்துனாங்க, கரையானத் தொரத்துனாங்க, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாங்க. டீச்சரும் பிள்ளைங்களும் ஒவ்வொரு சாமானுக்கும் அது என்னன்னு அட்டையில எழுதி வெச்சாங்க. பின்பக்கத்து ஒரு அறைய மட்டும் சுலைகா தனக்குன்னு வெச்சுக்கிட்டா. மத்ததெல்லாம் ஜனங்களுக்கு. மதுரையில இருந்து வந்தாங்க, கேரளாவுல இருந்து வந்தாங்க. சுலைகா நாச்சியாதான் எல்லாருக்கும் சுத்திக் காட்டுவா. ஒவ்வொரு கூட்டம் வர்றப்பவும் வாசலப் பாப்பா. யாரத் தேடுறான்னு டீச்சருக்குத் தெரியும். கேக்க மாட்டாங்க.

ம்? ம் சத்தம் சின்னதாயிருச்சே. இதோ, முடியப் போகுது.

ஒரு நாள் ஒரு காலேஜ் கூட்டம் வந்துச்சு. சலசலன்னு ஒரே பேச்சு. அந்தக் கூட்டத்துக்குக் கடைசியா ஒருத்தன், தொப்பி போட்டுக்கிட்டு, கையக் கட்டிக்கிட்டு நின்னான். மகுதூம்!

சுலைகா பாத்துட்டா. ஆனா அவ ஒண்ணும் காட்டிக்கல. அவனும் காலேஜ் பிள்ளைங்க கூடவே நடந்தான். அவ முன்கட்டக் காட்டுனா, பாத்தான். கப்பல் படம் இருந்த அறையக் காட்டுனா, பாத்தான். அப்புறம் ஒரு சின்ன அறை.

"இதுதான் பிரசவ அறை. இந்த வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் இங்கதான் பொறந்தாங்க. நானும் இங்கதான் பொறந்தேன். என் மூத்த மகன் பொறந்தப்போ ரெண்டு நாள் வலி. இவன் எனக்குக் கெடைப்பானான்னு இந்த மோட்டுவளையவே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன். கெடைச்சான்."

மகுதூம் மோட்டுவளையப் பாத்தான். ரொம்ப நேரம் தலைய எறக்கவே இல்ல.

கடைசியா சமையக்கட்டு. பெரிய பெரிய அடுப்பு, செம்புச் சட்டி. குறுக்க ஒரு கயிறு கட்டி, "தொடாதீர்கள்"னு அட்டை தொங்குது. பிள்ளைங்க பாத்துட்டு, நன்றி சொல்லிட்டு, பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. சத்தம் எல்லாம் அடங்கிருச்சு. உம்மாவும் மகனும் மட்டும் நின்னாங்க.

மகன்தான் மொதல்ல தொண்டையக் கனைச்சான். ம்க்கும்.

"உம்மா... பசிக்குது."

சுலைகா நாச்சியா அந்தக் கயித்த அவுத்து ஓரமாப் போட்டா. காட்சிக்கு அடுக்கி வெச்சிருந்த விறக எடுத்து அடுப்புல வெச்சா. ஊது குழல எடுத்து ஊதுனா. ஃபூ... ஃபூ... பத்திக்கிச்சு. தேங்காயத் துருவிப் பால் புழிஞ்சு சோத்த வெச்சா. பக்கத்துல உக்காந்து அவன் வெங்காயம் உரிச்சுக் குடுத்தான்.

அப்போ புகையப் பாத்துட்டு மெஹருன்னிசா டீச்சர் ஓடி வந்தாங்க. "பெரிம்மா! பெரிம்மா! இது காட்சி அடுப்பு! எரிக்கக் கூடாது!" அடுப்படியில உக்காந்திருந்தவனப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாங்க.

சுலைகா திரும்பக் கூட இல்ல. சோத்தக் கிண்டிக்கிட்டே சொன்னா, "டீச்சர், சமையக்கட்டு இன்னைக்கு லீவுன்னு எழுதி வெளிய மாட்டிரும்மா. எம்பிள்ளை சாப்பிடுறான்."

அவ்வளவுதான், தங்கம். சோறு வெந்துச்சு, கதை தீந்துச்சு, உன் கண்ணும் சொருகிருச்சு. அப்படியே தூங்கு.