கல்லூரி வந்து சேர்ந்த கதை

மழை வந்தால் குடை நனையக்கூடாது என்று அதை வீட்டுக்குள் வைத்துவிட்டு வெளியே போகிறவர்கள் மேலப்புளியடியில் உண்டு. அந்த ஊரில் அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்கள் மூன்று பேர். நல்லபெருமாள், அந்தோணிராஜ், சுடலைமணி. எப்படித் தேறினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நல்லபெருமாளின் அப்பா சுண்ணாம்புக்கல் சுடுகிற காளவாசல் வைத்திருந்தார். அவர் மகனிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். திருநெல்வேலிக் கல்லூரியில் நுழைவுத்தேர்வு எழுதிய அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவார்கள். அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் இடம் கிடைத்த சீட்டோடு அவர் முன்னால் நிற்க வேண்டும். இல்லையென்றால் மறுநாளிலிருந்து காளவாசல். நல்லபெருமாள் ஒரு தடவை காளவாசல் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறான். புருவம் திரும்ப முளைக்க நாலு மாதம் ஆயிற்று.

எந்தப் பாடத்துக்கு எழுதுவது என்று முடிவுசெய்ய மூவரும் தண்ணீர்த்தொட்டி அடியில் கூடினார்கள்.

"வேதியியல் எடுப்பமா?" என்றான் சுடலைமணி.

"பாட்டில்ல மண்டையோடு ஒட்டியிருக்கான். முன்னால படிச்சவனா இருக்கும்," என்றான் அந்தோணிராஜ்.

விலங்கியல் பேச்சு வந்தது. அதில் தவளையை அறுக்க வேண்டும். தவளை நமக்கு என்ன கெடுதல் செய்தது என்று நல்லபெருமாள் கேட்டான். விலங்கியலைத் தள்ளிவைத்தார்கள். கணிதப் புத்தகத்தைத் திறந்தால் எண்ணைவிட எழுத்துதான் அதிகம் இருந்தது. அதை எழுதியவருக்கே எண் தெரியாது போலிருக்கிறது என்று மூடிவிட்டார்கள். கடைசியாக இயற்பியலைத் திறந்தார்கள். கோபுரத்திலிருந்து ஒரு கல் கீழே விழுகிறது என்று போட்டிருந்தது.

"கீழதானே விழுது?" என்றான் சுடலைமணி.

"ஆமா."

"அப்ப இது நமக்குத் தெரிஞ்ச பாடம்லே."

பள்ளிக்கூடத்தில் சந்தானபாண்டியன் சார் சம்பளம் வாங்காமல் பயிற்சி வகுப்பு எடுத்தார். கல் விழும் கணக்கில் காற்றைப் புறக்கணிக்கவும் என்று இருந்தது. சித்திரை மாதத்து வெயிலில் மூவரும் மின்விசிறியை அணைத்துவிட்டுப் படித்தார்கள். ஜன்னல் வழியாகக் காற்று வந்தபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அடுத்த கணக்கில் எடையே இல்லாத கயிறு வந்தது. மறுநாள் காலையில் இரும்புக்கடைக்குப் போய்ப் பத்து முழம் கேட்டார்கள். கடைக்கார அண்ணாச்சி கையிலிருந்த தராசைக் கீழே வைத்தார். நேற்று வரை ஒரு சுருள் இருந்ததாகவும், கல்லை வைக்க மறந்ததால் பறந்துவிட்டதாகவும் சொன்னார். இரண்டு நாள் மூவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

நல்லபெருமாளுக்கு அவ்வப்போது ஒரு சந்தேகம் வரும், தான் முட்டாளோ என்று. அப்போதெல்லாம் சாப்பாடு இறங்காது. முட்டாளுக்கு அந்தச் சந்தேகம் வராது என்று அந்தோணிராஜ் சொல்வான். உடனே மனம் ஆறிவிடும். வாரத்துக்கு மூன்று தடவை இப்படி ஆறியது.

கடைசி வகுப்பில் சார் சார்பு இயக்கம் நடத்தினார். பஸ்ஸுக்குள் இருப்பவன், பஸ் நிற்கிறது, புளியமரமும் ஊரும்தான் என்னை நோக்கி வருகின்றன என்று சொல்லலாம். அதுவும் சரிதான் என்றார். முடிக்கும்போது, தேர்வன்று படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வராதீர்கள், உட்கார இடமுள்ள பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

தேர்வன்று காலை ஏழு மணிக்கு வந்த பஸ்ஸில் ஈ நுழைய இடமில்லை. அடுத்ததிலும் அப்படியே. மூவரும் சுற்றிப் பார்த்தார்கள். டீக்கடைக்குப் பக்கத்தில், வெல்டிங் பட்டறை வாசலில் ஒரு பஸ் நின்றது. உள்ளே ஒரு ஆள் கிடையாது. ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார்கள்.

எட்டு மணிக்கு நல்லபெருமாள் இறங்கிப் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான்.

"மாப்ள, இதுக்குச் சக்கரம் இல்லை. இன்ஜினையும் காணோம்."

"சார் என்ன சொன்னாரு? பஸ் நிக்கும், ஊருதான் வரும்னாரா இல்லையா?" என்றான் அந்தோணிராஜ். "நிக்குத பஸ்ஸுக்குச் சக்கரம் எதுக்கு?"

நல்லபெருமாள் யோசித்துப் பார்த்தான். அந்தப் பேச்சில் எங்கும் ஓட்டை இல்லை. ஆனாலும் காளவாசல் ஞாபகம் வந்து புருவத்தைத் தடவிக்கொண்டான்.

எட்டேகால் மணிக்கு டீக்கடை முன்னால் ஒரு லாரி வந்து நின்றது. அதில் ஆள் உயர இரும்பு எழுத்துகளில் அவர்கள் தேர்வு எழுதப்போகிற கல்லூரியின் பெயர் இருந்தது. வாசல் வளைவில் மாட்டுவதற்காகத் தென்காசியில் செய்து கொண்டுபோகிறார்கள்.

"கல்லூரி வந்துட்டு," என்றான் சுடலைமணி. அவன் குரலில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மூவரும் லாரியில் ஏறிப் பெயருக்கு அடியில் உட்கார்ந்துகொண்டார்கள். கல்லூரிக்குள் வந்தாயிற்று, இனி அது எங்கே போனாலும் பயமில்லை. ஒன்பதே முக்காலுக்கு லாரி கல்லூரி வாசலில் நின்றது. கட்டடங்கள் எல்லாம் அவர்களுக்கு முன்பே வந்து வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

தெரியாத கேள்வியை விட்டுவிடச் சொல்லியிருந்தார் சார். முப்பது கேள்வியில் மூவரும் இருபத்தொன்பதை விட்டார்கள். மிச்சமிருந்தது ஓடுகிற பஸ்ஸில் இருப்பவனுக்கு மரம் எப்படித் தெரியும் என்ற கேள்வி. அதற்கு அனுபவத்தோடு பதில் எழுதினார்கள். இயற்பியலுக்கு நாற்பது இடம் இருந்தது. எழுத வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். நாலு மணிக்கு மூவர் கையிலும் சீட்டு இருந்தது.

மற்றவர்கள் பஸ் பிடிக்க ஓடினார்கள். இவர்கள் வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

ஐந்து மணிக்கு வாட்ச்மேன் வந்து, "எந்த ஊருக்குப் போணும் தம்பி? பஸ் ஸ்டாப் அங்க இருக்கு," என்றார்.

"போக வேண்டாம் அண்ணாச்சி," என்றான் நல்லபெருமாள். "ஊருக்காகத்தான் உக்காந்திருக்கோம்."

ஐந்தரை ஆயிற்று. ஊர் வரவில்லை. நல்லபெருமாள் சீட்டை எடுத்துப் பார்ப்பான், மடித்து வைப்பான், பிறகு ரோட்டைப் பார்ப்பான். ஆறு மணி தாண்டினால் இந்தச் சீட்டு வெறும் காகிதம்.

"காலைல கல்லூரி சீக்கிரம் வந்துச்சேலே," என்றான் வாடிய முகத்தோடு.

"அது ஒத்தைக் கல்லூரி," என்றான் அந்தோணிராஜ். "ஊருன்னா சும்மாவா? குளத்தைத் தளும்பாமக் கொண்டுவரணும். உங்க அப்பா காளவாசல் வேற சூடா இருக்கும்."

ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரோட்டு முனையில் ஒரு லாரி திரும்பியது. நெற்றியில் 'மேலப்புளியடி' என்று எழுதியிருந்தது. அப்பாவின் சுண்ணாம்பு லாரி. பையன்கள் பஸ்ஸில் ஏறவே இல்லை என்று யாரோ சொல்லி, மதியத்திலிருந்து அவர்களைத் தேடி அலைந்தவர், கடைசியில் இங்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சுண்ணாம்பும் வேர்வையுமாக இறங்கினார்.

நல்லபெருமாள் எழுந்து அவர் முன்னால் நின்றான். சீட்டை நீட்டினான்.

அவர் சீட்டைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஏறுங்கலே, போவோம்," என்றார்.

மூவரும் அசையவில்லை. அந்தோணிராஜ் நல்லபெருமாளின் தோளைத் தட்டி, "உங்க அப்பா முதல்ல வந்துட்டாவ பாத்தியா," என்றான்.

சுடலைமணி லாரிக்குப் பின்னால் போய் ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். "பெரியப்பா," என்று பணிவாகக் கேட்டான், "எங்க வீடு எந்த வண்டியில வருது?"