மந்தாரக்காட்டார் மருந்து அடித்த கதை

கொல்லிமலை மடிப்பு ஒன்றில் மந்தாரக்காடு என்று ஒரு ஊர் இருந்தது. நல்ல ஜனங்கள். யார் எதைச் சொன்னாலும் தட்டாமல் அப்படியே செய்வார்கள். சொன்னதுக்கு மேலே ஒரு நூல் அளவுகூட யோசிக்க மாட்டார்கள்.

அந்த ஊரில் காராளன் என்று ஒருவன். அவன் பேச்சைக் கேட்டுத்தான் எல்லோரும் ராகி விதைக்கிற சரிவை விட்டுக்கொடுத்து, சில்வர் ஓக் கன்று வைத்தார்கள். கன்று மரமானால் மிளகுக்கொடி ஏற்றலாம், பிள்ளைகள் தலையெடுக்கும்போது கஷ்டமிருக்காது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவன் அவன்தான். அதனால் ஒரு மழைக்காலக் காலையில் இலையெல்லாம் பழுப்புப் புள்ளியாகக் கிடந்ததைப் பார்த்ததும் அவன் கன்று கன்றாக ஓடி ஓடிப் பார்த்தான். கன்று போனால் மிளகும் போச்சு, ராகியும் போச்சு. ஊர் முகத்தில் எப்படி முழிப்பது?

ஊர் கூடியது. விஷயம் தெரிந்தவன் என்று பெயரெடுத்திருந்த வெள்ளையன் ஒரு இலையைத் தடவிப் பார்த்து, இது அம்மை என்று சொல்லிவிட்டான். உடனே கன்றுக்குக் கன்று வேப்பிலை கட்டினார்கள். எந்த வீட்டிலும் தாளிக்கக் கூடாது என்று கட்டுப்பாடும் போட்டார்கள். காராளன் பெண்டாட்டி செம்பாயிக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

“கன்னுக்கு அம்மைன்னா நாம எதுக்குத் தாளிக்காத குழம்பு திங்கணும்?”

“பெத்தவங்கதான் பத்தியம் இருக்கணும். நாமதானே நட்டோம்?” என்றான் வெள்ளையன். நியாயமாகப் பட்டது. சப்பென்ற குழம்பை ஊரே தின்றது. புள்ளி மட்டும் குறையவில்லை.

காராளன் மலையிறங்கிப் போய், தோட்டக்கலை அலுவலர் கயல்விழியைக் கையோடு கூட்டிவந்தான். அவர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பூஞ்சை, ஈரத்தில் வருவது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். புள்ளி விழுந்த இலையைக் கிள்ள வேண்டும். இலை நனையக் கூடாது. மருந்தை இலைக்கு மேலேயும் அடிக்க வேண்டும், கீழேயும் அடிக்க வேண்டும். இவ்வளவையும் சொல்லி, நீலப் பொடிப் பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

மறுநாளே கிள்ளினார்கள். தொடையில் கிள்ளுகிற மாதிரி செம்பாயி நோகாமல் கிள்ளிப் பார்த்தாள். அது போதாது, நன்றாகத் திருகிக் கிள்ளு என்றான் வெள்ளையன். திருகியதில் புள்ளி இலைகளெல்லாம் கையோடு வந்துவிட்டன. இத்தனை கிள்ளியும் ஒரு கன்றுகூட அழவில்லையே என்று காராளனுக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. இலை நனையக் கூடாதே. குடை, கோணிப்பை, முறம், அண்டா, கட்டில் என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஊரே சரிவுக்கு ஓடியது. கன்றுக்கு ஒரு ஆளாக நின்று, மழை விடும்வரை பிடித்தார்கள். கன்றுகள் ஒரு சொட்டுகூட நனையவில்லை. ஊர் முழுக்கத் தும்மியது.

வெயில் வந்ததும் மருந்து. இதில்தான் பெரிய விவாதம் நடந்தது. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு காராளன் தயங்கினான்.

“கன்னை அடிக்கச் சொன்னாலும் பரவால்ல. மருந்து என்னய்யா தப்பு பண்ணுச்சு?”

“தப்பு பண்ணுச்சான்னு அவங்க சொல்லல. அடிக்கணும்னுதான் சொன்னாங்க” என்றான் வெள்ளையன். காராளன் போய் ஒரு தடியை எடுத்துவந்தான்.

ஒருவன் பொட்டலத்தை இலைக்கு மேலே பிடித்தான். காராளன் கண்ணை மூடிக்கொண்டு தடியால் ஓங்கி ஒரு போடு போட்டான். பொட்டலம் வெடித்து, பொடி இலைமேல் கொட்டியது. அடுத்த பொட்டலத்தை இலைக்குக் கீழே பிடித்து அடித்தார்கள். பொடி மேலே கிளம்பி இலையின் அடிப்பக்கம் அப்பியது. சாயங்காலம் ஊர் திரும்பியபோது எல்லோரும் நீலமாக இருந்தார்கள். யார் வீட்டுக்காரர் யார் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் குழப்பமாகிவிட்டது.

மழை ஓய்ந்தது. கன்றுகள் புதுசாகத் துளிர்த்தன. ஒரு புள்ளி இல்லை. மறுபடி வந்த கயல்விழி சரிவைப் பார்த்து அசந்து நின்றுவிட்டார். என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, நீங்கள் சொன்னதைத்தான் என்றான் காராளன். அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

“இனி ஒண்ணும் செய்ய வேணாம். அது பாட்டுக்கு வளரட்டும்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் ஊர் கூடியது. பாட்டுக்கு வளரட்டும் என்று சொன்னாரே தவிர, எந்தப் பாட்டு என்று சொல்லவில்லையே. தாலாட்டுப் பாடலாம் என்றாள் செம்பாயி. தூங்கிவிட்டால் எப்படி வளரும் என்று வெள்ளையன் மறுத்தான். நடவுப் பாட்டு பாடினால், மறுபடி பிடுங்கி நடப்போகிறார்கள் என்று கன்று பயந்துவிடும். கடைசியில் பார்த்தால், ஊருக்கே முதலிலிருந்து முடிவுவரை தெரிந்த பாட்டு ஒப்பாரி ஒன்றுதான்.

பெண்கள் கன்றைச் சுற்றி உட்கார்ந்து, தலையை விரித்துப் போட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். கேட்கிற யாருக்கும் நெஞ்சு கரைந்துவிடும். பஸ்ஸுக்குக் காத்திருந்த கயல்விழி, பதறியடித்துக்கொண்டு மேடேறி ஓடிவந்தார்.

“யாருங்க? யாரு போனது?”

காராளன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“யாரும் போகலீங்க மேடம், கன்னு வளருது. நீங்களும் இப்படி உக்காந்து ரெண்டு வரி அழுதீங்கன்னா சீக்கிரமா மரமாயிரும்.”