தலையில் விழுந்த வேப்பம்பூ

அன்றைக்குப் பங்குனி மாதத்தின் கடைசி நாள். ஊரில் உள்ள வேம்பெல்லாம் பூத்துவிட்டது. அதிலும் ஆவுடைத்தங்கத்தின் வீட்டு வாசல் மரம் இலை தெரியாமல் பூத்திருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

போன வருஷம் வரைக்கும் அவள் புருஷன் மரத்தடியில் துணி விரித்துப் பூவைச் சேர்ப்பான். சித்திரை ஒண்ணாம் தேதி மாங்காய்ப் பச்சடியில் போடுவது அந்தப் பூவைத்தான். தை மாதம் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது விடிந்ததும் விடியாததுமாக அவள் பூவைக் கூட்டிக் குப்பையில் கொட்டுகிறாள்.

மகள் குழலிக்கு ஆறு வயசு. "நாளைக்குப் பச்சடி உண்டாம்மா?" என்று காலையிலிருந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள்.

அவளை வாசலில் விளையாட விட்டுவிட்டு ஆவுடைத்தங்கம் குளத்தங்கரை மடத்துக்குப் போனாள். அங்கே இருந்த சாமிக்கு அவளைவிட வயசு கம்மி. ஆனாலும் மூணு வருஷமாக அவர்தான் அவளுக்குக் குரு.

"துக்க வீட்டுல ஒரு வருஷத்துக்குப் பண்டிகை ஆகாது சாமி. பிள்ளை கேக்குது. செஞ்சா ஊரு பேசும். நான் என்ன செய்ய?"

"ஊரு கிடக்கட்டும். உனக்கு எப்படி இருக்கும்மா?"

அவள் தரையைப் பார்த்தாள். "எனக்கு இனிமே எந்த வருஷமும் பிறக்க வேண்டாம்னு இருக்கு."

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வா, உன் வீட்டு மரத்துகிட்ட சொல்லிட்டு வருவோம்."

"என்னன்னு?"

"இந்த வருஷம் பூக்காதேன்னு."

"கேலி பண்றீங்களா சாமி?"

"இல்லம்மா. வீட்டுத் துக்கத்தை வாசல்ல நிக்கிற மரத்துக்கும் சொல்லணும்ல?"

இரண்டு பேரும் வந்தார்கள். ஆவுடைத்தங்கம் மரத்தடியில் போய் நின்றாள். என்னவென்று சொல்வாள்?

குளத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. பூ பொலபொலவென்று அவள் தலையில் கொட்டியது. தை மாதத்திலிருந்து அவள் தலையில் ஒரு பூ ஏறவில்லை.

"ஐ! அம்மா தலையில பூ!" குழலி கைதட்டிக் குதித்தாள்.

ஆவுடைத்தங்கம் பதறிப்போய்க் கையைத் தூக்கினாள். தூக்கின கையோடு சாமியைப் பார்த்தாள்.

"தட்டிவிடட்டுமா சாமி?"

"தட்டும்மா. நீ தட்டி முடிக்கிறதுக்குள்ள அடுத்தது விழும்."

அவள் கையை மெல்ல இறக்கினாள்.

"குழலி, செருப்பை மாட்டு. மாங்காய் வாங்கணும்."