சவேரியாயி மடிச்ச பேப்பர் கூடு

ஒரு ஊர்ல ஒரு வீட்டுல ரெண்டு பொம்பளைங்க, நாலு கண்ணு. அந்த நாலுல ரெண்டுக்குத்தான் பார்வை. ம் சொல்லு ராசாத்தி, நீ ம் சொன்னாத்தான் கதை நடக்கும்.

ம்.

பார்வை உள்ளவ பேரு ரீத்தம்மா. பார்வை போனவங்க அவ மாமியார், சவேரியாயி. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தர் இருந்தாரு. ஒருத்திக்கு மகன், ஒருத்திக்குப் புருஷன். இஞ்ஞாசின்னு பேரு. வெங்காயமும் கருவாடும் ஏத்திக்கிட்டு தீவுக்குப் போற சரக்குத் தோணியில அவருக்கு வேலை. ஒரு தடவை போனப்போ காத்து ஹோன்னு வந்துச்சு. அலை மடார்னு அடிச்சுது. சில பேரு நீந்திக் கரையேறினாங்க. இஞ்ஞாசி வரல. உடம்பும் வரல. கோயில்ல டங்... டங்...னு துக்க மணி அடிச்சு, பெட்டி இல்லாமலே பூசை வச்சு முடிச்சாங்க.

அப்புறம் தோணிக்காரங்க பேப்பர்ல கண்ணீர் அஞ்சலி போட்டாங்க. வேலை அட்டையில இருந்த படத்தைப் பெருசாக்கிப் போட்டிருந்தாங்க. கல்யாணப் படமெல்லாம் முந்தின மழை வெள்ளத்துலயே போயிருச்சு. அதனால புருஷன் முகம்னு ரீத்தம்மாவுக்கு இருந்தது அது ஒண்ணுதான். ஓடிப்போய் மூணு பேப்பர் வாங்கினா.

ஆனா மாமியார்கிட்ட சொல்லல. ஏன் சொல்லல? கண்ணு தெரியாத தாய்கிட்டப் போய், உங்க மகன் படம் வந்திருக்குன்னு சொன்னா, பாக்க முடியலையேன்னு ஏங்கியே போயிருவாங்களே! அதுக்காகத்தான் மறைச்சா. தனியா வச்சா அத்தை தடவிக் கண்டுபிடிச்சிருவாங்கன்னு, அலமாரியில கிடந்த பழைய பேப்பர்கட்டுக்குள்ள செருகி வச்சா. எடுத்துப் பாக்கவும் தெம்பு வரல. இருக்குங்கிற நினைப்பே போதும்னு இருந்துட்டா. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

சரி. ரீத்தம்மா உப்பளத்துக்கு வேலைக்குப் போயிருவா. சவேரியாயிக்கு உக்காந்து சாப்பிட கூச்சமா இருந்துச்சு. அப்போ பக்கத்து வீட்டு பாக்கியம் ஒரு கை பீர்க்கங்கா விதை குடுத்து, "பீர்க்கு வேரைத் தொட்டா கோவிச்சுக்கும் மதினி. பேப்பர்ல கூடு பண்ணி முளைக்க வைங்க. கூட்டோட நட்டுருங்க. பேப்பர் மண்ணுல மக்கிரும், வேர் தானா வெளிய போயிரும்"னு சொன்னா.

சவேரியாயி ஒரு காலத்துல பலசரக்குக் கடையில பொட்டலம் மடிச்சவங்க. கண்ணு போனாலும் விரல் மறக்குமா? அலமாரியில இருந்த பேப்பர்கட்டை எடுத்துப் போட்டாங்க. பேப்பரை சர்ர்ருன்னு கிழிச்சாங்க. தம்ளர் மேல சுருட்டினாங்க. அடியை மடிச்சு டப்பு டப்புன்னு தட்டினாங்க. சொய்ங்குனு தம்ளரை உருவினா, கூடு!

பாக்கியம் வேலிக்கு மேல எட்டிப் பாத்து, "என்ன மதினி, பொட்டலத்துல சீனியா, பருப்பா?"ன்னு கேட்டா.

"மண்ணுதான். கடனுக்கு வேணுமா?"ன்னாங்க சவேரியாயி.

மகன் போனப்புறம் அந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டது அன்னைக்குத்தான்.

சாயங்காலம் ரீத்தம்மா வந்து பாக்குறா, ஓலைக் கடகம் நிறைய நெருக்கி நெருக்கி அடுக்கின கூடு. அத்தை சிரிச்ச முகத்தைப் பாத்து இவளுக்கும் சந்தோசம். வேற எதுவும் தோணல. தினம் தெளிச்ச தண்ணியில விதை முட்டி முட்டி முளைச்சு, ரெண்டு இலை விட்டு, நாலு இலை விட்டுச்சு.

அப்புறம் நடற நாள் வந்துச்சு. ரீத்தம்மா குழி தோண்டிட்டு, கடகத்துல இருந்து முதல் கூட்டைத் தூக்கினா. அதுல ஒரு கண்ணு அவளையே பாத்துச்சு. மீசை தெரிஞ்சுது. ஐயோ ஆண்டவரே!

அவசர அவசரமா மத்தக் கூட்டையெல்லாம் திருப்பித் திருப்பிப் பாத்தா. மூணு கூட்டுல மூணு இஞ்ஞாசி. பெத்த தாயே தெரியாம மகன் முகத்தைச் சுருட்டி உள்ள மண்ணைப் போட்டிருக்காங்க. என்ன காரியம் பண்ணிட்டீங்கன்னு கத்த வாய் வந்துச்சு. கிழவி நார்க்கட்டில்ல உக்காந்து, "எத்தனை நட்ட பிள்ள?"ன்னு ஆசையாக் கேட்டாங்க. கத்த வந்த வாயை முந்தானையால பொத்திக்கிட்டா.

மத்ததை நட்டுட்டு, அந்த மூணை மட்டும் ஒதுக்கி வச்சா. எப்படியாவது படத்தைக் காப்பாத்தணும். அதுதான் அவ நினைப்பெல்லாம். முதல் கூட்டுல பேப்பரை உரிச்சா. சொதசொதன்னு கையோட வந்துச்சு. விரல்ல கறுப்பு மைதான் ஒட்டுச்சு, முகம் இல்ல. வேரும் அறுந்து, பொழுது சாயறதுக்குள்ள நாத்து தலை தொங்கிருச்சு.

ரெண்டாவது கூட்டைத் தண்ணி காட்டாம வெயில்ல வச்சா. காஞ்சா படம் கழண்டு வரும்னு நினைச்சா. காஞ்சுது. செடியும் சுருண்டுச்சு. தொட்டா, மொறுக் மொறுக்னு அப்பளம் மாதிரி உதிர்ந்துச்சு முகம்.

ம் சொல்லு.

ம்... மூணாவது?

மூணாவதைத் தொடவே பயம். நிழல்ல வச்சு, விரல் நனைச்சுச் சொட்டுச் சொட்டாத் தண்ணி விட்டா. ஒரு நாள் பாத்தா, இஞ்ஞாசி கன்னத்தைத் துளைச்சுக்கிட்டு ஒரு வெள்ளை வேர் எட்டிப் பாக்குது. நட்டா முகம் போயிரும், நடலைன்னா செடி போயிரும். அவ அப்படியே முத்தத்துல உக்காந்து விசும்பினா.

கிழவி சுவரைத் தடவித் தடவி வந்தாங்க. "ஏ பிள்ள, என்னத்துக்கு அழுத?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாததுக்கு யாரு இப்படி அழுவா? சொல்லு."

அப்போதான் சொன்னா. பேப்பர்ல படம் வந்தது, ஒளிச்சு வச்சது, ரெண்டு போனது, மிச்சம் இருக்கறது. எல்லாம் சொல்லிட்டு, "உங்ககிட்ட மறைச்சது தப்புதான் அத்தை"ன்னா.

கிழவி அவ பக்கத்துலயே தரையில உக்காந்தாங்க. அப்புறம் கையை நீட்டினாங்க. "எந்தப் பக்கம் இருக்கான்? என் கையை வச்சுக் காட்டு."

ரீத்தம்மா அவங்க விரலைப் பிடிச்சு வச்சா. "இது நெத்தி. இது கண்ணு. இது மீசை அத்தை."

சவேரியாயி பூப்போலத் தடவினாங்க. "ஈரமா இருக்கானே"ன்னாங்க. அப்புறம், "கடல்ல கிடந்தவன் ஈரமாத்தான இருப்பான்..."ன்னாங்க. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதாங்க.

அழுது ஓய்ஞ்சதும், "நடு பிள்ள"ன்னாங்க.

"நட்டா கரைஞ்சிருவாகளே அத்தை. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

"வெளிய வச்சா மட்டும் நிப்பானா? தண்ணியில விட்டுட்டுத் தேடினது போதும். மண்ணுல விடு, எம் பிள்ளைய."

ரீத்தம்மா கூட்டைக் குழியில இறக்கினா. கிழவி தரையைத் தடவி ஒரு பிடி மண்ணை அள்ளினாங்க. கல்லறைக் குழியில போடுவாங்கல்ல, அது மாதிரி போட்டாங்க. ரெண்டாவது பிடி. மூணாவது பிடி. அப்புறம் ரீத்தம்மா போட்டா. கண்ணு வரைக்கும் மண்ணு வந்தப்போ ஒரு நிமிசம் நிறுத்திப் பாத்தா. அப்புறம் மூடிட்டா. ரெண்டு பேரும் முழங்கால் போட்டு ஒரு பரலோக மந்திரம் சொன்னாங்க.

அவரு முகம் போயிருச்சா?

போயிருச்சு ராசாத்தி. மக்கி மண்ணாப் போயிருச்சு. ரீத்தம்மா அதுக்காக எத்தனையோ நாள் அழுதா. ஆனா செடி பிழைச்சுது. பந்தல்ல கொடி சரசரன்னு ஏறுச்சு.

அப்புறம் கல்லறைத் திருநாள் வந்துச்சு. ஊர்ல எல்லாரும் மெழுகுவத்தியும் மாலையும் எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக்குப் போறாங்க. செத்தவங்களைப் புதைக்கிற இடத்தை அந்த ஊர்ல தோட்டம்னுதான் சொல்லுவாங்க. பாக்கியமும் கிளம்பி வந்து, "மதினி, நீங்க வரலையா?"ன்னு கேட்டுட்டு, ஏன்டா கேட்டோம்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டா.

சவேரியாயி, "நீ போயிட்டு வா தாயி. எங்களுக்குப் பக்கத்துலயே இருக்கு"ன்னாங்க.

பொழுது மசங்குச்சு. பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும். மஞ்சள் மஞ்சளா ஒண்ணொண்ணா விரிஞ்சுது. அந்தப் பந்தலடியில ரீத்தம்மா ஒரு மெழுகுவத்தி ஏத்தி, காத்துல அணையாம கையைக் குவிச்சுப் பிடிச்சுக்கிட்டா. அத்தை அவ தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

ம் சொல்லு...

சொல்லலையா? சரி. கதை படுத்துக்கிச்சு, நீயும் படுத்துக்கோ. ஆண்டவர் காப்பாத்துவாரு.