தடத்தில் இருந்த பெயர்

தென்குமரி மருத்துவமனை ஒன்றின் கணினி அறையில் நல்லநாயகி என்பவர் நோயாளிகளின் குறிப்புகள் அடங்கிய தரவுத்தளத்தைக் காத்துவந்தார். அவரைவிட மூத்தவரான பொன்னுலிங்கம் அத்தொழிலை அவரிடமே கற்றார். அவர் இவரை "டீச்சரம்மா" என்பார். இவர் அவரை "அண்ணாச்சி" என்பார். இருவருக்கும் அதில் கூச்சமில்லை.

வார்டில் இருப்போர் எவரும் தரவுத்தளத்தோடு நேரே பேசுவதில்லை. நடுவில் ஒரு சர்வர் உண்டு. தரவுத்தளத்துக்குச் செல்லும் இணைப்புகள் சிலவற்றை அது எப்போதும் திறந்தே வைத்திருக்கும். வருவோர் அவற்றையே மாற்றி மாற்றிப் பயன்படுத்துவர். ஆகவே யார் எதைத் திருத்தினாலும், திருத்தியவர் பெயரைக் குறிக்கும் தடப்பதிவில் சர்வரின் பெயரே விழும். அந்தக் குறையைப் பொன்னுலிங்கம் அண்மையில் தீர்த்திருந்தார். இப்போது தடத்தில் ஆளின் பெயரே தெரிந்தது. அதில் அவருக்குப் பெருமை கொஞ்சமல்ல.

அன்று காலை, ஒரு நோயாளிக்குப் பெனிசிலின் ஆகாது என்ற குறிப்பு அழிந்திருந்தது. ஊசி போடும் முன் மருத்துவர் வாய்விட்டுக் கேட்டதால் நோயாளி தப்பினார். அழித்தவராகத் தடம் காட்டியது சிஸ்டர் சகாயமேரியை. அவளைப் பணிநீக்கம் செய்யும் உத்தரவு கண்காணிப்பாளரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"நான் அந்தக் குறிப்பைத் தொடவே இல்லைன்னு அழுறா, டீச்சரம்மா. பாவமாத்தான் இருக்கு. ஆனா தடம் பொய் சொல்லுமா?" என்றார் பொன்னுலிங்கம்.

நல்லநாயகி பக்கத்துக் கணினியில் தம் பெயரில் நுழைந்தார். பயிற்சிக்கென வைத்திருந்த போலி நோயாளியின் பக்கத்தைத் திறந்து, ஒரு வரியை அழித்தார்.

"இப்பத் தடத்தைப் பாருங்க, அண்ணாச்சி. யாரு அழிச்சது?"

பொன்னுலிங்கம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"மருந்தகம் பால்ராஜ்னு இருக்கு."

"பால்ராஜ் எங்கே?"

ஜன்னலுக்கு வெளியே, கேன்டீன் வாசலில், ஒரு கையில் டீயும் மறு கையில் பருப்புவடையுமாகப் பால்ராஜ் நின்றிருந்தான்.

"என்னைப் பார்த்தா பால்ராஜ் மாதிரியா இருக்கு? மீசை மட்டும்தான் பாக்கி" என்றார் நல்லநாயகி.

பொன்னுலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. தாம் எழுதிய நிரலைத் திறந்தார். இணைப்பை முதலில் பிடித்தவரின் பெயரை அதில் ஒட்டச் சொல்லியிருந்தார். அவர் விட்டுப்போனதும் அதைத் துடைக்கச் சொல்லவில்லை. அடுத்து வருபவரின் பெயரை எழுதவும் சொல்லவில்லை. நல்லநாயகி நுழைந்த இணைப்பைக் காலையில் முதலில் பிடித்தவன் பால்ராஜ்; குறிப்பு அழிந்த இணைப்பை முதலில் பிடித்தவள் சகாயமேரி. அதற்குப் பிறகு அதே இணைப்பில் வந்தோர் அனைவரும் அவள் பெயரிலேயே பேசியிருந்தனர்.

"அப்ப அழிச்சது யாரு, டீச்சரம்மா?"

"தெரியாது. தடத்துக்கும் தெரியாது."

ஆளின் பெயரே இல்லாத பழைய தடம் யாரையும் அழவைத்ததில்லை என்று பொன்னுலிங்கத்துக்குத் தோன்றியது. மாடியில் கண்காணிப்பாளரின் அறைக்கதவு திறக்கும் ஓசை கேட்டது. பொன்னுலிங்கம் எழுந்தார், நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி போய்ச் சொல்லிடறேன். 'சிஸ்டர் மேல தப்பில்லை சார், சிஸ்டத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு'ன்னு சொன்னாப் போதுமில்லையா?"

"தானா நடந்துபோக அதுக்குக் கால் இருக்கா, அண்ணாச்சி?"

அவர் தலை குனிந்தார்.

"அப்ப, 'நான் தப்புப் பண்ணிட்டேன்'னு சொல்லணும்."

நல்லநாயகி தம் கணினித் திரையைப் பூட்டிவிட்டு எழுந்தார்.

"உங்க நிரலைப் படிச்சுப் பார்த்து, சரின்னு சொன்னது நான். 'பண்ணிட்டோம்'னு சொல்வோம், வாங்க."