தோம் பல்தசாருக்கு மரியாதை வேட்டு

முன்னொரு காலத்தில் கீழைக் கடலோரம் மணற்காட்டுச் சீமையை ரணகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். காலையில் ஒரு கட்டளை போடுவார், குளித்துவிட்டு வந்து அதை ரத்து செய்வார், சாப்பாடு முடிந்ததும் ஏன் இன்னும் நடக்கவில்லை என்று கோபித்துக்கொள்வார். இதற்கு நடுவிலும் நாடு நாடாக இருந்ததற்கு மந்திரி ஆதிமூலம் பிள்ளைதான் காரணம். அதில் சேனாபதி உதயப்பருக்குத் தாங்க முடியாத வயிற்றெரிச்சல்.

ஒரு நாள் துறைமுகத்துக்கு எதிரே பரங்கிக் கப்பல் ஒன்று நங்கூரம் போட்டது. வந்தவர் தோம் பல்தசார். போர்த்துக்கீசு ராஜாவின் கடற்படைத் தளபதி, இதுவரை பிடித்த கரைக்கும் இனிப் பிடிக்கப்போகும் கரைக்கும் சேர்த்தே கவர்னர். ஆற்று முகத்துவாரத்தில் கோட்டை கட்ட இடம் வேண்டும், அங்கே குடியிருக்கும் படகுக்காரர்கள் நூறு குடும்பமும் காலி செய்ய வேண்டும், மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் சம்மதம் வராவிட்டால் ஊரைப் பீரங்கியால் தரைமட்டமாக்குவேன் என்று ஓலை அனுப்பினார். கீழே ‘தங்கள் அன்பு நண்பன்’ என்று கையெழுத்து.

ராஜா முதலில் போர் என்றார். கப்பலில் இருபது பீரங்கி என்று கேள்விப்பட்டதும், இடத்தைக் கொடுத்துவிடலாம் என்றார். படகுக்காரர்கள் எங்கே போவார்கள் என்று மந்திரி கேட்டார். அதைச் சபையில் யாரும் யோசித்திருக்கவில்லை.

“அவ்வளவு இரக்கம் இருந்தா மந்திரியாரே போய்ப் பேசி அனுப்பட்டுமே. முடியலைன்னா முத்திரை மோதிரத்தைக் கழட்டி வச்சிடட்டும்” என்றார் உதயப்பர். ராஜாவுக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று.

மந்திரி பழக்கூடையோடு படகேறினார். மந்திரி கடலில் இறங்கினால் கரையில் ஒரு அதிர்வேட்டு போடுவது அந்த ஊர் வழக்கம். வேட்டு வெடித்ததும் கப்பலிலிருந்து மூன்று பீரங்கிகள் முழங்கின. மந்திரி பழக்கூடைக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

“பயப்படாதீங்க ஐயா, பதில் மரியாதைதான்” என்றான் கப்பலிலிருந்த துபாஷி, துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்பவன். “ஒண்ணுக்கு மூணு. பதில் சொல்லாம விட்டா எங்க துரைக்குச் சோறு இறங்காது.”

துரையும் அதையே நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். வந்த மரியாதைக்குப் பதில் முழக்காவிட்டால் தன் ராஜாவின் தாடியை வழித்த மாதிரியாம். கோவாவிலிருந்து மலாக்கா வரைக்கும் அப்படி ஒரு அவமானம் நேர்ந்ததே இல்லையாம். மந்திரி பக்தியோடு கேட்டுக்கொண்டார். இறங்கும்போது, இவ்வளவு வெடிமருந்து எங்கிருந்து வருகிறது என்று துபாஷியிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தார். கோவாவிலிருந்துதான், காற்று திரும்ப இன்னும் மூன்று மாதம் ஆகும் என்றான் அவன்.

மறுநாள் விடிந்ததும் கோயில் வேட்டுக்குழாய்கள் அத்தனையும் கடற்கரையில் வரிசையாக நின்றன. போர்த்துக்கீசு ராஜாவுக்கு ஒரு வேட்டு. கப்பலிலிருந்து மூன்று. ராணிக்கு ஒன்று. மூன்று. இளவரசர்கள் எத்தனை பேர் என்று தெரியாததால் உத்தேசமாகப் பன்னிரண்டு பேருக்குப் போட்டார்கள். துரையின் தகப்பனாருக்கு, தாய்மாமனுக்கு, ஜெயித்த போர்களுக்கு, கப்பலின் கொடிக்கு, பாய்மரங்களுக்குத் தனித்தனியாக என்று மரியாதை ஓயவில்லை. துரை கொளுத்தும் வெயிலில் வெல்வெட் அங்கி போட்டு, கையை நெஞ்சில் வைத்து, பூரித்துப்போய் நின்றார். மருந்து குறைகிறது என்று பீரங்கிக்காரன் காதோடு சொன்னபோது, மானம் போன பிறகு மருந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனைக் கடிந்துகொண்டார்.

எதிரிக்கு விழா எடுக்கிறார் மந்திரி என்று உதயப்பர் ராஜாவிடம் ஓதினார். மூன்றாம் நாள் உச்சிவேளையில் ராஜாவே கடற்கரைக்கு வந்து மோதிரத்தைக் கேட்டார். மந்திரி மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தார்.

“மோதிரம் உங்ககிட்டயே இருக்கட்டும் மகாராஜா. பொழுது சாயற வரைக்கும் வேட்டுப் போடறதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க.”

பொழுது மேற்கே இறங்கியது. துரையின் குதிரைக்கு ஒரு வேட்டு போட்டார்கள். கப்பலிலிருந்து ஒரே ஒரு முழக்கம்தான் வந்தது. குதிரைச் சேணத்துக்கு இன்னொன்று போட்டார்கள். பதில் இல்லை. மந்திரி ராஜாவின் பக்கம் திரும்பினார்.

“மருந்து தீர்ந்துபோச்சு மகாராஜா. இனி அந்த இருபதும் வெறும் இரும்பு.”

நூறு படகுகள் ஈட்டியோடு போய்க் கப்பலைச் சூழ்ந்துகொண்டன. விடிந்ததும் கப்பலிலிருந்து ஓலை வந்தது. முகத்துவாரத்து மண் கோட்டைக்கு உகந்ததாக இல்லை என்பதால் துரை புறப்படுகிறாராம். ஆனால் கடைசி இரண்டு வேட்டுக்குப் பதில் மரியாதை முழுசாகவில்லை, அதை முடிக்காமல் நங்கூரம் எடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. ஐந்து முழக்கத்துக்கு மட்டும் மருந்து கிடைக்குமா?

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். மோதிரத்தைத் தன் கையாலேயே மந்திரியின் விரலில் மாட்டி, முகத்துவாரம் என்றைக்கும் படகுக்காரர்களுக்கே என்றார். அந்த வார்த்தையை மந்திரி அப்போதே கல்லில் வெட்டச் சொன்னார்.

எதிரிக்கு மருந்து கொடுத்தால் அதை வைத்து ஊரையே சுடுவானே என்று உதயப்பர் பதறினார்.

“நியாயமான கவலை. அதனால மருந்துப் பானையை நீரே தலையில சுமந்துக்கிட்டுப் போம்” என்றார் ராஜா.

சேனாபதி மருந்துப் பானையோடு படகில் போவதை ஊரே பார்த்தது. துரை அவரை வணங்கி வாங்கிக்கொண்டார். ஐந்து பீரங்கிகளும் ஊரைப் பார்த்தே நின்றன. பக்கத்தில் குண்டுகள் குவியலாகக் கிடந்தன. ஆனால் மரியாதை வேட்டில் குண்டு போடுவது தோம் பல்தசாரின் குலத்திலேயே கிடையாது. ஐந்து முறை வெறும் புகையை முழக்கிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஜெயித்தவர் மாதிரியே புறப்பட்டுப் போனார்.