காது செய்யாத வேலை

மழை பெய்தால் ராஜாவின் புண்ணியம், பெய்யாவிட்டால் குடிகளின் பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து ராஜா ஒருவருக்கு ஒரு நாள் கிறுக்குப் பிடித்தது. அயல்நாட்டுத் தூதர் வரப்போகிறாராம். ஊனம் உள்ளவர் ஒருவர்கூட அவர் கண்ணில் படக்கூடாதாம். "அத்தனை பேரையும் கோட்டைக்கு வெளியே தள்ளுங்கள்!" என்றார். வெளியே வெறும் பொட்டல். சொட்டுத் தண்ணீர் கிடையாது.

மந்திரி விருதராயர் அன்றே ஓலையில் சட்டம் எழுதினார்: 'ஓர் உறுப்பு தன் வேலையைச் செய்யாதிருப்பதே ஊனம்.'

முதலில் அகப்பட்டவள் வெள்ளச்சி. அரண்மனைச் சுவருக்குச் சுண்ணாம்பு நீற்றியபோது கண் வெந்து பார்வை போனவள். வெளியே தள்ளப்பட்டவள், மூன்று நாளாகக் கோட்டைக் கதவைத் தட்டித் தட்டி, "தண்ணி குடுங்கய்யா" என்று அழுதாள். அரண்மனை விகடன் சடையனுக்குச் சோறு இறங்கவில்லை. காவலர்களிடம் கெஞ்சினான், கதவு திறக்கவில்லை. ராஜாவைப் பார்க்கவோ மந்திரி விடவில்லை.

நாலாம் நாள் சபை கூடியது. சடையன் இடதுகாலை விந்தி நடப்பவன். அவனை ஒழித்துக்கட்ட இதைவிட நல்ல நாள் ஏது என்று மந்திரி எழுந்தார்.

"மன்னா, சட்டம் விகடனுக்கும் பொருந்தும். இவனையும் வெளியேற்ற வேண்டும்."

சடையன் முன்னால் வந்தான். குனிந்து காலைத் தட்டிக் கொடுத்தான்.

"காலோட வேலை என்னங்க மகாராஜா? ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இது தினமும் என்னைச் சபையில கொண்டுவந்து சேர்க்குது. சட்டப்படி இதுல ஊனமே இல்லை. மந்திரியாரே, கோட்டைக் கதவுகிட்ட மூணு நாளா ஒரு பொம்பளை அழுதாளே, கேட்டீங்களா?"

கேட்டது என்றால், தூதர் நுழையும் கதவில் அழுகையா, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று ராஜா தோலை உரிப்பார். மந்திரி பதறினார். "இல்லவே இல்லை! என் காதில் எதுவும் விழவில்லை."

"அடடா! ஊருக்கே கேட்டது, கதவை ஒட்டிக் குடியிருக்கிற உங்களுக்குக் கேட்கலையா? அப்போ உங்க காது தன் வேலையைச் செய்யலை. சட்டம் எழுதினவரே, கிளம்புங்க!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சபையே சிரித்தது.

"அந்த ஓலையைத் தீயில் போடுங்கள்! சடையா, என்ன பரிசு வேண்டும், கேள்!"

"கதவைத் திறக்கச் சொல்லுங்க. அது போதும்."

கதவைத் திறந்தார்கள். அதில் சாய்ந்து கிடந்த வெள்ளச்சி உள்பக்கமாகச் சரிந்து விழுந்தாள். சடையன் குடத்தைத் தூக்கிக்கொண்டு விந்தி விந்தி ஓடினான். அவள் வாயில் ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் கன்னத்தில் வழிந்து மண்ணுக்குப் போனது.

பின்னாலேயே வந்த ராஜா, கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். சடையன் கை நீட்டவில்லை.

"உங்களுக்காவது கேட்டுச்சா, மகாராஜா?"

கேட்டது என்று சொல்ல ராஜாவுக்கு வாய் வரவில்லை. கேட்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.